சேர்ந்து போடும் மெக்கானிக்ஸ் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். செமஸ்டர் நெருங்கினால் வேலூர்க் கோட்டைப் பக்கம் மரத்தடிகளில் பிள்ளைகள் நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பி.எஸ்சி. கணிதப் பிள்ளைகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். நோட்டில் எழுத்தைவிட அம்புக்குறி அதிகம் இருக்கும். விசையையும் இயக்கத்தையும் பற்றிய மெக்கானிக்ஸ் பேப்பர், பலருக்கு அரியர் வைக்கிற பேப்பர்.

சேர்ந்து படிப்பது நல்லதுதான். ஆனால் பலர் செய்வது பங்கு பிரிப்பது. அசையாமல் நிற்கும் பொருள்களின் கணக்கான நிலையியல் குடியாத்தத்துப் பையனுக்கு, நகரும் பொருள்களின் கணக்கான இயக்கவியல் ஆற்காட்டுப் பெண்ணுக்கு, கடைசியில் ஜெராக்ஸ். அடுத்தவர் போட்ட கணக்கைப் படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். வெள்ளைத்தாள் கையில் வந்தால், முதல் அம்பை எங்கே போடுவது என்று பேனா நின்றுவிடும்.

நான் சொல்வது இதுதான்: ஒரே கணக்கை எல்லோரும் தனித்தனியாக எடுங்கள். விடையைக் காட்டாதீர்கள், முதலில் விசைகளை அம்புகளாகப் போட்ட படத்தை மட்டும் காட்டுங்கள்.

வழுவழுப்பான சுவரில் சாய்த்த ஏணி, தரையில் மட்டும் உராய்வு என்று ஒரு கணக்கு வரும். எடை நடுவில் கீழ்நோக்கி, தரையின் எதிர்வினை மேல்நோக்கி. இதில் சண்டை வராது. உராய்வில்தான் வரும். ஒருவன் அதைச் சுவரை விட்டு விலகிப் போகிற மாதிரி வரைந்திருப்பான். "ஏணி வழுக்கினால் அடி எந்தப் பக்கம் போகும்டா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் போதும். அடி வெளியே போகும், அதனால் உராய்வு சுவரை நோக்கித்தான். அப்போதுதான் சுவரின் எதிர்வினையை அது சமன் செய்யும். இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால் ஏணி எப்படி நிற்கும்? அப்புறம் திருப்புத்திறனை, அதாவது விசை ஏணியைச் சுழற்றப் பார்க்கும் அளவை, ஏணியின் அடியைப் பற்றி எடுங்கள், தரையில் உள்ள இரண்டு விசையும் கழன்றுவிடும். தரை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு 1/2 என்றால், வழுக்கும் தறுவாயில் ஏணி தரையோடு 45 பாகையில் நிற்கும்.

லாமியின் தேற்றத்தை எங்கே பார்த்தாலும் போடுகிறவர்களும் உண்டு. பிரான்சில் பெர்னார் லாமி சொன்னது ஒரு புள்ளியில் சந்திக்கும் மூன்று விசைக்கு. ஏணியில் இருப்பது நான்கு.

உராய்வுக் கோணம் புரியாதவர்களுக்குப் பரீட்சை அட்டையும் தீப்பெட்டியும் போதும். குடியாத்தத்துப் பிள்ளை குழுவில் இருந்தால் தீப்பெட்டிக்குப் பஞ்சமா என்ன? அட்டையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். பெட்டி நகரத் தொடங்கும் கோணம்தான் உராய்வுக் கோணம், அதன் டேன் மதிப்புதான் உராய்வுக் கெழு. பெட்டிக்குள் காசு போட்டுத் தூக்கினாலும் ஏறக்குறைய அதே கோணம்தான் வரும். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் எடை அடிபட்டுப் போவதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

எறிபொருள் கணக்கில் வேறு மாதிரிச் சண்டை. எறிந்த பொருள் குறிப்பிட்ட தூரத்தில் விழ, அதாவது குறிப்பிட்ட வீச்சுக்கு, கோணம் கேட்டால் ஒருத்திக்கு 30, இன்னொருத்திக்கு 60. இரண்டும் சரி! வீச்சில் வருவது கோணத்தின் இரு மடங்கின் சைன், சைன் 60-ம் சைன் 120-ம் ஒன்றுதானே. ஆனால் 60-ல் எறிந்தது மூன்று மடங்கு உயரம் போகும், விழ நேரமும் கூடும். தனியாகப் படித்திருந்தால் ஒரு விடையோடு நோட்டை மூடியிருப்பார்கள்.

குழுவுக்கு மூன்று நான்கு பேர் போதும், அதற்கு மேல் போனால் அரட்டைதான். நன்றாகப் போடுகிறவர் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள். தடுமாறுகிறவர் போடட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் அவரவர் வீட்டில், புதுக் கணக்கு எதுவும் எடுக்காமல், பழைய வினாத்தாள்களுக்குப் படம் மட்டும் வரைந்து பாருங்கள். வணக்கம்.