பழைய கலைக்கூடத்தில் மறுபடியும் வேலை நடக்க வேண்டுமென்றால்

அவையில் இருக்கும் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும், பழைய கட்டடங்களைத் துணிந்து கையில் எடுக்கும் பொறியாளர்களுக்கும் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் வணக்கம்.

நூறு வருடம் பழைய கலைக்கூடம் ஒன்றைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருக்கும்? உயரமான கூரை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வண்ணம் சிந்தித் தடித்துப்போன பலகைத் தரை. ஆணி அடித்து அடித்துப் புண்ணான சுவர். புதுப்பிக்க வருகிறவர் கண்ணுக்கு இவற்றில் பாதி அழுக்காகத்தான் தெரியும். தரையை இழைத்து வார்னிஷ் பூசுவார். சுவரைச் சிமென்ட் வைத்து மழமழவென்று ஆக்குவார். உயரம் வீணாகிறதே என்று நடுவில் ஒரு தளம் போடுவார். திறப்பு விழாவில் படம் அழகாக வரும். அடுத்த வாரம் ஒரு சிற்பி ஈரக் களிமண் மூட்டையோடு வாசலில் வந்து நின்றால், அவரை உள்ளே விட யாருக்கும் மனம் வராது. அங்கேயே அந்தக் கட்டடம் கலைக்கூடமாக இருப்பதை நிறுத்திவிட்டது.

பாரிஸில் லா ரூஷ் என்றொரு கட்டடம் இருக்கிறது. 1900ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்காக எழுப்பிய மது அரங்கின் பாகங்களை வாங்கி, ஆல்ஃப்ரெட் பூஷே என்ற சிற்பி 1902இல் கலைஞர்களுக்கான கூடமாக அதைத் திறந்தார். ஓவியர்கள் ஷகாலும் சூட்டினும் வேலை செய்த இடம். இன்றும் அங்கே கலைஞர்கள் வேலை செய்கிறார்கள். இன்னொரு வகையும் உண்டு. லண்டனில் இருந்த ஓவியர் பிரான்சிஸ் பேகனின் வேலை அறையை 1998இல் சுவர், தரை, கதவு, தூசி உட்படப் பிரித்தெடுத்து டப்ளினுக்குக் கொண்டுபோய், 2001இல் அப்படியே நிறுவினார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைக் கணக்கெடுத்து வைத்தார்கள். அருமையான வேலைதான், ஆனால் அது அருங்காட்சியகம். அங்கே இனி யாரும் தூரிகையை நனைக்கப் போவதில்லை. நாம் இன்று பேசுவது முதல் வகையைப் பற்றி. அதனால் முதல் கேள்வி, இந்தக் கட்டடத்தில் யார், என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்பது. ஓவியமா, அச்சுக்கலையா, மண்பாண்டமா, கல்லா? இதை முடிவு செய்யாமல் போடும் எந்த வரைபடமும் இரண்டாவது முறை போட வேண்டியதாகிவிடும்.

முடிவானதும் பதிவு வேலை. ஒவ்வொரு அறையையும் அளந்து 1:50 அளவில் வரைய வேண்டும். சன்னல், கூரைச் சட்டம் போன்றவற்றை 1:10 அளவில் வரைய வேண்டும். ஒவ்வொரு சன்னலுக்கும் கதவுக்கும் எண் கொடுத்து, கழற்றும் பாகத்திலும் அதே எண்ணை எழுத வேண்டும். பயனற்றது போலத் தெரிவதை இந்தக் கட்டத்தில் இடிக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டுக் கலைக்கூடங்கள் சிலவற்றில் சுவரில் ஒரு முழம் அகலமும் ஆளுயரத்துக்கு மேல் நீளமும் கொண்ட ஒடுக்கமான திறப்பு இருக்கும். படியில் திரும்பாத பெரிய கித்தான்களை (ஓவியம் தீட்டும் துணிகளை) வெளியே இறக்குவதற்கு அது. விஷயம் தெரியாதவர்கள் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். பிறகு மூன்று மீட்டர் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டித்தான் எடுத்துப்போக வேண்டியிருக்கிறது.

அடுத்து தண்ணீர். ஓதம் ஏறிய சுவரைக் கண்டதும் ரசாயனம் செலுத்துகிறவர்கள் உடனே வந்துவிடுவார்கள். அதற்கு முன் கூரை வடிகாலைப் பாருங்கள், மழைநீர்க் குழாயின் மூட்டைப் பாருங்கள், வெளித்தரையைப் பாருங்கள். பல ஆண்டுகளாக மண்ணும் தளமும் மேலே மேலே போட்டு, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்து போயிருக்கும். அதை வெட்டி, உள்தரைக்கு 15 சென்டிமீட்டராவது கீழே கொண்டுபோனாலே பாதி ஓதம் நிற்கும். நின்றபின் காத்திருக்க வேண்டும். சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் கனம் உலரும் என்பது நடைமுறைக் கணக்கு. 45 சென்டிமீட்டர்ச் சுவர் இரண்டு பக்கமும் உலர்ந்தால்கூட ஒன்பது மாதம் ஆகும். இந்த ஒன்பது மாதம் வேலை அட்டவணையில் இல்லாததால்தான், புதுப் பூச்சு ஒரே வருடத்தில் உப்புப் பூத்து உதிர்கிறது.

பூச்சு என்றதும் சிமென்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் மூச்சுவிடும். உள்ளே போன ஈரம், செங்கல்களுக்கு இடையிலுள்ள சாந்து இணைப்புகள் வழியே வெளியேறும். இணைப்பைச் சிமென்டால் அடைத்தால் அந்த வழி மூடிக்கொள்கிறது. ஈரம் செங்கல் வழியே வெளியேறப் பார்க்கும். கூடவே வரும் உப்பு, செங்கலின் முகத்துக்குப் பின்னால் படிகமாகி, முகத்தையே தட்டாகத் தள்ளிவிடும். பலவீனமாக இருக்க வேண்டியது சாந்து, செங்கல் அல்ல. சாந்து போனால் மறுபடி வைக்கலாம்.

சாந்துக் கலவை இதுதான்: நன்றாக நீற்றி மூன்று மாதமாவது ஊறிய சுண்ணாம்புக் கூழ் ஒரு பங்கு, துகள்கள் கூர்மையாக உள்ள மணல் மூன்று பங்கு. ஈரமான இடமானால் கொஞ்சம் செங்கல் தூள் சேர்க்கலாம், இறுக்கம் கூடும். பழைய இணைப்பை அதன் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல், உளியால் கீற வேண்டும். வேகமாக முடிக்கச் சுழல் வெட்டியை எடுத்தால் செங்கலின் விளிம்பு போய்விடும், போன விளிம்பு வராது. பழைய சிமென்ட் செங்கலோடு கெட்டியாகப் பிடித்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. வைத்த சாந்தின் மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். வெயிலில் சீக்கிரம் காய்ந்த சுண்ணாம்பு விரலால் சுரண்டினாலே மாவாக உதிரும். அப்போது சுண்ணாம்பைத் திட்டிப் பயனில்லை, சாக்கு நனைக்காததுதான் காரணம்.

கூரை உத்தரத்தில் கெடுதல் அநேகமாக நடுவில் இருக்காது. சுவருக்குள் புதைந்த முனையில் இருக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால் பூஞ்சை தொற்றும். ஊசிபோல் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது. முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல மரம் வரும் வரை வெட்டி, அதே இன மரத்தை நன்றாகப் பதப்படுத்திச் சாய்வு ஒட்டாக இணைக்கலாம். ஒட்டின் நீளம் உத்தரத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது, மரையாணியும் வேண்டும். புது முனையைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் காற்றிடைவெளி விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியை ‘நேர்த்தியாக’ச் சாந்து வைத்து அடைப்பதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கும், ஏனென்றால் அடுத்த உளுப்பு அங்கேதான் தொடங்கும்.

இப்போது வெளிச்சம். கலைக்கூடத்தின் உயிரே அதுதான். பூமியின் வட பாதியில் பழைய ஓவியர்கள் வடக்குச் சன்னலைத் தேடினார்கள். வெயில் நேராக விழாது, நிழலின் திசை காலையிலிருந்து மாலை வரை மாறாது, கித்தானில் வண்ணம் ஒரே மாதிரி தெரியும். தென் பாதியில் அது தெற்குச் சன்னல். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையிலுள்ள இடங்களில் ஆண்டின் சில மாதங்கள் அந்தப் பக்கமும் வெயில் விழும். அங்கே வெளிப்புறம் மறைப்பு வேண்டும். அந்தச் சன்னலுக்கு எதிரே வெளிர்நிறச் சுவர் எழுப்பினாலோ, கண்ணாடிக்கு நிறம்கொண்ட படலம் ஒட்டினாலோ உள்ளே வெளிச்சத்தின் நிறமே மாறிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டுவதானால் நிறமற்றதாகப் பார்த்து, ஒரு சன்னலில் ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரும்புச் சட்டச் சன்னல் அழுத்தியும் திறக்கவில்லை, கண்ணாடி மூலையில் விரிசல் விட்டிருக்கிறது என்றால் காரணம் துரு. இரும்பு துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருக்கிறது, கண்ணாடி அதைத் தாங்காது. கண்ணாடியைக் கழற்றி, துருவைச் சுரண்டித் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு பூசி, பிறகுதான் மக்கு, அதாவது கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் பசை, வைக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் மக்கு மேல்தோல் கட்ட ஒன்று முதல் நான்கு வாரம் எடுக்கும். அதன் மேல் பூசும் வண்ணம் கண்ணாடியில் இரண்டு மில்லிமீட்டர் ஏற வேண்டும். அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. ‘கோடு சுத்தமாக இருக்கட்டும்’ என்று பிளேடால் சுரண்டிவிடாதீர்கள்.

கூரைக் கண்ணாடியை இரட்டைக் கண்ணாடியாக்க ஆசைப்படுபவர்கள் எடையைக் கணக்கிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 4 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி 10 கிலோ, இரண்டு என்றால் 20. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய கம்பிகள் தாங்குமா என்று பார்க்காமல் ஏற்றக் கூடாது. தலைக்கு மேல் இருப்பது உடைந்தாலும் சிதறாத ஒட்டுக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. இரவு வேலைக்கு 500 முதல் 750 லக்ஸ் வெளிச்சம், நிறம் காட்டும் குறியீடு (வண்ணங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி. சுவரிலும் உத்தரத்திலும் குடையாமல், வெளியே தெரியும் குழாயில் மின்கம்பி இழுங்கள். குழாயைச் செங்கலில் ஆணியடிக்காமல் இணைப்பில் அடித்தால் நாளைக்குக் கழற்றினாலும் தழும்பு இருக்காது.

தரைக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஓவியர் ஜாக்சன் பொல்லாக் வேலை செய்த கொட்டகையின் தரையை 1953இல் பலகை போட்டு மூடிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பலகையைப் பெயர்த்தபோது, அடியில் அவர் ஓவியங்களிலிருந்து தெறித்த வண்ணம் அப்படியே இருந்தது. இழைத்திருந்தால் போயிருக்கும். ஆகவே பழைய வண்ணத் தெறிப்பை இழைக்காதீர்கள். மெல்லிய பாதுகாப்புத் தாளும் அதன் மேல் கழற்றக்கூடிய பலகையும் போட்டு வேலை செய்யலாம். இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தெறிப்பிலும் பலகை இடுக்கிலுள்ள தூசியிலும் ஈயவெள்ளை இருக்கலாம், ஆர்செனிக் கலந்த மரகதப் பச்சை இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் வேலையாட்களின் நுரையீரலுக்குப் போகும். முதலில் மாதிரி எடுத்துச் சோதியுங்கள். நனைத்துச் சுரண்டுங்கள். நுண்துகள் வடிகட்டி உள்ள உறிஞ்சியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். துடைப்பம் கூடாது.

பாரம் பற்றி ஒரே ஒரு கணக்கு. பளிங்கு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன். ஒரு மீட்டர் உயரப் பளிங்குக் கல், சிறியதோ பெரியதோ, தான் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 2,700 கிலோ அழுத்துகிறது. சாதாரண மேல்தளம் 250 முதல் 300 கிலோவுக்குக் கட்டியது. கல்லும் அச்சு இயந்திரமும் சூளையும் தரைத்தளத்தில்தான். ஓவியமும் தையலும் இசையும் மேலே போகட்டும். சூளைக்குத் தனி மின்வழி, எரியாத தரை, சுற்றிலும் 45 சென்டிமீட்டர் இடைவெளி, மேலே புகை வாங்கி.

கழிவுத் தொட்டியில் களிமண்ணும் சாந்தும் நேராகப் போனால் ஆறு மாதத்தில் குழாய் கல்லாகிவிடும். தொட்டிக்குக் கீழே வண்டல் தங்கும் பெட்டி ஒன்று, அதை வாரம் ஒருமுறை காலி செய்ய ஒருவர்.

தீயைப் பற்றிச் சொல்லும்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலைப்பள்ளியை நினைக்காமல் இருக்க முடியாது. கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரெனி மேக்கின்டாஷ் வடிவமைத்து 1897 முதல் 1909 வரை கட்டிய கட்டடம் அது. வடக்கு நோக்கிய பிரமாண்டமான ஸ்டுடியோச் சன்னல்கள் கொண்டது. 2014இல், ஒரு படைப்புக்குப் பயன்படுத்திய நுரைக் குப்பியின் வாயு சூடான புரொஜெக்டரில் பட்டுத் தீப்பிடித்தது. சுவருக்குள் ஓடிய பழைய காற்றுக் குழாய்களும் இடைவெளிகளும் அதை மேலே தூக்கிக்கொண்டு போயின. நூலகம் எரிந்தது. தீயணைப்பு நீர்த்தூவல் பொருத்தும் வேலை அப்போது பாதியில் இருந்தது. சீரமைத்துக்கொண்டிருக்கும்போதே 2018இல் மறுபடி எரிந்து கூடாகிவிட்டது.

அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேலை வரிசையைப் பற்றியது. நீர்த்தூவலும் தீ அறிவிப்பானும் கடைசியில் பொருத்தும் அலங்காரமாக இருக்கக் கூடாது. கட்டுமானம் நடக்கும்போதே இயங்க வேண்டும். சுவருக்குள் இருக்கும் ஒவ்வொரு பழைய வெற்றிடத்தையும் கண்டுபிடித்து, தளத்துக்குத் தளம் எரியாத பொருளால் அடைக்க வேண்டும். வெல்டிங் நடந்தால், முடிந்தபின் ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கலைஞர்கள் குடியேறிய பின் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். மூடியுள்ள இரும்புத் தொட்டி ஒவ்வொரு அறையிலும் வேண்டும். டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனமானது. கூரை விசிறி அதை அறை முழுக்கக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. வேலை மேசைக்குப் பக்கத்தில், தாழ்வாக, உறிஞ்சி வேண்டும். எதிர்ப்பக்கம் புதுக்காற்று வர வழியும் வேண்டும்.

பெரிய அறையைப் பிரிக்க வேண்டியிருந்தால் தடுப்புகள் தரையில் தானாக நிற்கட்டும், கூரையைத் தொட வேண்டாம். வெளிச்சம் மேலே பொதுவாக இருக்கும், நாளைக்குக் கழற்றவும் முடியும். பணம் குறைவாக இருந்தால் கூரை, வடிகால், மின்சாரம், தீப்பாதுகாப்பு ஆகியவற்றை முடித்து, சுவரையும் தரையையும் கரடுமுரடாகவே விட்டுத் திறந்துவிடலாம். பளபளப்புக்குச் செலவிடும் பணம் வாடகையில் ஏறி, அந்தக் கட்டடத்தை நம்பியிருந்த கலைஞர்களையே வெளியேற்றிவிடுகிறது. இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லா அறையையும் ஒரே நாளில் ஒப்படைக்காதீர்கள். ஓர் ஓவியர், ஒரு மண்பாண்டக் கலைஞர், ஓர் அச்சுக்கலைஞர் மூவரையும் ஆறு வாரம் வாடகையின்றி வேலை செய்ய விடுங்கள். எந்த நேரத்தில் கண் கூசுகிறது, எந்தக் குழாய் நிரம்புகிறது, எந்தக் கதவில் கித்தான் இடிக்கிறது என்று அவர்கள் எழுதித் தரட்டும். சாரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அந்தக் குறிப்புகள் கையில் இருக்க வேண்டும், கூரையில் சரிசெய்ய வேண்டியது எதுவானாலும் அப்போது ஏறிச் செய்துவிடலாம்.