சியான் நகரில் தனியாக ஒரு நாள்

வணக்கம் நண்பர்களே. சீனாவின் சியான் நகரம் என்றதும் உங்களில் பலருக்கு, அந்நாட்டின் முதல் பேரரசரின் கல்லறைக்காகச் செய்து புதைத்த, வரிசை வரிசையாக நிற்கும் சுடுமண் வீரர் சிலைகள்தான் நினைவுக்கு வரும். 1974இல் கிணறு வெட்டப் போன விவசாயிகளின் கையில் அகப்பட்டவர்கள். பார்க்க வேண்டியவர்கள்தான், அதில் மறுபேச்சு கிடையாது. ஆனால் அந்த இடம் ஊருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போக, வரிசையில் நிற்க, முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலே எட்டிப் பார்க்க, திரும்பி வர என்று பகல் முழுவதும் அதற்கே போய்விடும். தனியாகப் போகிறீர்கள், கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், அந்த நாளை ஊருக்குள்ளேயே நடந்து கழியுங்கள் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

காரணம், சியான் தொலைதூரத்திலிருந்து வந்தவர்களும் தொலைதூரம் போனவர்களும் வளர்த்த ஊர். அவர்கள் விட்டுப்போனவை ஊருக்குள் அங்கங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் நமக்கு வேண்டிய நேரம் நிற்க வேண்டும், "போலாமா?" என்று யாரும் கேட்கக் கூடாது. அதற்குத் தனியாகப் போவதே நல்லது.

காலை எட்டு மணிக்கெல்லாம் தெற்கு வாசலுக்குப் போய்விடுங்கள். யோங்நிங் வாசல் என்று பெயர். மெட்ரோ 2ஆம் தடத்தில் அதே பெயரில் நிலையம் உண்டு. அங்கே மதில்மேல் ஏறலாம். மிங் அரசு 1370இல் கட்டத் தொடங்கிய மதில் இது, சுற்றளவு 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர், மேலே 12 முதல் 14 மீட்டர் அகலம். மேலேயே சைக்கிள் வாடகைக்குத் தருகிறார்கள். செங்கல் தளம் என்பதால் உடம்பைக் குலுக்கி எடுக்கும், அதைப் பொருட்படுத்தாமல் மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். ஒரு பக்கம் அகழி, மரங்கள், அதற்கப்பால் வானுயர்ந்த அடுக்குமாடிகள். மறுபக்கம் எல்லாம் தாழ்ந்த கூரைகள், ஏனென்றால் மதிலுக்குள் கட்டடங்களின் உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

இவ்வளவு பெரிய மதில் பழைய நகரத்தின் ஒரு துண்டைத்தான் சுற்றி வளைக்கிறது. டாங் அரசர்கள் காலத்தில் சாங்கான் என்று பெயர் கொண்டிருந்த தலைநகரின் பரப்பு சுமார் 84 சதுர கிலோமீட்டர். இப்போதுள்ள மதிலுக்குள் அடங்குவது அதில் ஏழில் ஒரு பங்குதான் வரும்.

சரி, கீழே இறங்கினால் சில நிமிட நடையில் பெய்லின் அருங்காட்சியகம். பழைய கன்பூசியர் கோயில் வளாகம். இங்கே எழுத்து பொறித்த கற்பலகைகளை 1087இல் சேர்க்கத் தொடங்கினார்கள். கூட்டமாக வருகிறவர்கள் கடகடவென்று நடந்து வெளியே போய்விடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆதங்கம். கி.பி. 837இல் செதுக்கி முடித்த 114 பலகைகள் ஒரு கூடத்தில் நிற்கின்றன. கன்பூசிய மரபின் 12 நூல்கள், ஏறக்குறைய ஆறரை லட்சம் எழுத்துகள், அத்தனையும் கல்லில்! கையால் படியெடுத்த காலத்தில் ஆளுக்கொரு பாடம் வைத்திருந்தால் அரசுப் பணிக்குத் தேர்வு எழுதுகிறவன் எதை நம்புவான்? அதனால் சரியான பாடம் இதுதான் என்று நாட்டுக்கே பொதுவாகக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

அங்கேயே 781ஆம் ஆண்டுக் கல் ஒன்று இருக்கிறது. உச்சியில் சிறிய சிலுவை. பாரசீகத்தில் வேரூன்றியிருந்த கீழைத் திருச்சபை என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அலோபென் என்பவர் 635இல் சாங்கானுக்கு வந்ததையும், பேரரசர் தைசோங் அவரை வரவேற்றதையும் சொல்லும் கல். சீன எழுத்துகளோடு சிரியாக் எழுத்துகளும் அதில் உண்டு; கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கும் அதே மொழி. நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். தைசோங் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவார்.

மதியம் மணிக்கோபுரத்தைத் தாண்டி, முரசுக் கோபுரத்தின் அடியில் நுழைந்தால் ஹுய் என்ற சீன முஸ்லிம் சமூகத்தாரின் தெருக்கள். சீனச் சாப்பாட்டில் தனியாளுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது: பெரும்பாலும் நடுவில் பல தட்டுகளை வைத்து நாலு பேர் பகிர்ந்து சாப்பிடும் வழக்கம். சியானில் அந்தத் தொல்லை இல்லை, இங்கே பேர்போன உணவுகளில் பல ஒரே கிண்ணத்தில் வந்துவிடும். ஆட்டிறைச்சி பாவ்மோ கேளுங்கள். கெட்டியான வட்ட ரொட்டியையும் காலிக் கிண்ணத்தையும் கையில் தருவார்கள், நாமே பயறளவுக்குப் பிய்த்துப் போட வேண்டும், பிறகு சமையலறைக்கு எடுத்துப்போய் ஆட்டுச்சாறில் கொதிக்கவைத்துக் கொண்டுவருவார்கள், கூடவே ஊறவைத்த பூண்டு. என் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் நான் பிய்த்ததைப் பார்த்துத் தலையசைத்து, தன் ரொட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் காட்டினார். இன்னும் சின்னதாக! பேச்சே இல்லாமல் அரை மணி நேரம் சேர்ந்து பிய்த்துக்கொண்டிருந்தோம். இறைச்சி வேண்டாம் என்பவர்கள் லியாங்பி சாப்பிடலாம், மிளகாய் எண்ணெயும் காடியும் சேர்த்த குளிர்ந்த பட்டைச் சேமியா.

அப்புறம் பக்கத்துச் சந்திலேயே பெரிய பள்ளிவாசல். கும்மட்டம் கிடையாது, ஓங்கிய மினாராவும் கிடையாது. ஓட்டுக்கூரை, மர வளைவுகள், ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள், எல்லாம் சீனக் கோயிலின் அமைப்பு. ஆனால் சீனக் கோயில்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கி இருக்க, இது கிழக்கிலிருந்து மேற்காக நீள்கிறது, தொழுகை மக்காவை நோக்கி அமைய வேண்டும் அல்லவா. தொழுகைக் கூடத்துக்குள் மற்றவர்களுக்கு அனுமதி இல்லை, முற்றங்களில் உட்காரலாம்.

பிற்பகல் மணிக்கோபுர நிலையத்தில் மெட்ரோ ஏறி, சியாவ்ஜாயில் 3ஆம் தடத்துக்கு மாறி, பெரிய காட்டு வாத்துக் கோபுரத்துக்குப் போங்கள். வாசலில் நிற்கும் சிலை நம் பள்ளிப் பாடத்தில் வந்த யுவான் சுவாங். பௌத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வர, அரசு அனுமதி இல்லாமல் எல்லையைக் கடந்து, வழிகாட்டியும் விட்டுப்போன பிறகு, பாலைவனத்தைத் தனியாகத் தாண்டிய மனிதர். காஞ்சிபுரம் வரைக்கும் வந்தார். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள் என்று எழுதியிருக்கிறார். அங்கிருந்து இலங்கைக்குப் போக நினைத்தவர், அங்கே குழப்பமும் பஞ்சமும் என்று தப்பி வந்த துறவிகள் சொல்லக் கேட்டு வடக்கே திரும்பிவிட்டார். 645இல் 657 நூல்களுடன் ஊர் வந்து சேர்ந்தபோது, அனுமதியின்றிப் போனவரைத் தண்டிக்காமல் மரியாதையோடு வரவேற்ற பேரரசர் அதே தைசோங்தான். அந்த ஏடுகளைப் பாதுகாக்க 652இல் எழுப்பியது இந்தக் கோபுரம். பின்னால் திரும்பக் கட்டி, இப்போது ஏழு நிலை, 64 மீட்டருக்குச் சற்று மேல். ஊரார் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, 1990களுக்குள் ஒரு மீட்டர் அளவுக்குச் சாய்ந்துபோயிருந்தது, கவனித்துப் பார்த்தால் சாய்வு தெரியும்.

கட்டாயம் மேலே ஏறுங்கள். நான்கு பக்கமும் திறப்புகள். வடக்கே பார்த்தால் காலையில் சைக்கிள் ஓட்டிய மதில் வெகுதூரத்தில் இருக்கும். இந்தக் கோபுரமும் ஒருகாலத்தில் நகருக்குள்ளே இருந்தது என்பது அப்போதுதான் உறைக்கும். 84 சதுர கிலோமீட்டர் என்ற எண் கண்ணுக்கு முன்னால் விரிந்துவிடும்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார். தாராளமாகப் போகலாம் அம்மா, கோபுரத்துக்குத் தெற்கே உள்ள நடைவீதியில் இரவிலும் குழந்தைகளோடு குடும்பங்கள் நடமாடுகின்றன. பாஸ்போர்ட்டை மட்டும் எப்போதும் கையில் வையுங்கள், பல இடங்களில் சீட்டுக்கு அது வேண்டும். போனில் பணம் கொடுக்கும் அலிபே செயலியில் உங்கள் கார்டை இங்கிருந்தே இணைத்துவிட்டுப் போங்கள், அங்கே தெருக்கடையில்கூட எல்லாரும் போனில்தான் பணம் கொடுக்கிறார்கள். இன்னொரு நாள் கிடைத்தால், சுடுமண் வீரர்களைப் பார்க்க விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.