28 வயதில் மருத்துவப் படிப்பு

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவில் வேறொரு படிப்பை முடித்து, வேலைக்கும் போய்விட்டு, அதன் பிறகு "எனக்கு மருத்துவம்தான்" என்று முடிவெடுக்கிறவர்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் விண்ணப்பங்களைப் படித்து யோசனை சொல்கிற வேலையை நான் ரொம்ப நாளாக விரும்பிச் செய்து வருகிறேன்.

வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இந்த ஜூன் மாதமே விண்ணப்பம் போட்டுவிடலாமா?" என்பதுதான். கூட வரும் அம்மா, "ஏற்கெனவே இருபத்தெட்டு ஆயிடுச்சுங்க, இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போகணுமா?" என்பார். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். தாமதமாக முடிவெடுத்ததை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. அந்த முடிவை நோயாளியின் பக்கத்தில் நின்று சோதித்துப் பார்க்காமலேயே விண்ணப்பம் எழுத உட்காருவதுதான் பெரிய குறை.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் டாக்டராவதற்கான முதல் பட்டமே எம்.டி.தான். அந்த எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு ஆம்காஸ். அது மே மாதம் திறக்கும், மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். வகுப்பு தொடங்குவது அடுத்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில். ஆக, விண்ணப்பத்துக்கே ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். அதற்கு முன், சேருவதற்குக் கட்டாயமான அறிவியல் பாடங்களுக்கு இரண்டு வருடம் என்று வைத்தால், 28 வயதில் முடிவெடுத்தவர் 31ல் சேர்ந்து, 35ல் பட்டம் வாங்கி, குடும்ப மருத்துவம் என்றால் மூன்று வருட ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி, முடித்து 38ல் தனியாக நோயாளிகளைப் பார்ப்பார். நரம்பு அறுவை சிகிச்சை என்றால் ரெசிடென்சியே ஏழு வருடம். இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். இதைப் பார்த்தும் மனம் மாறவில்லை என்றால் மேலே பேசலாம்.

பல கல்லூரிகளில் விண்ணப்பங்கள் வரவர அவற்றைப் படித்து நேர்காணலுக்கு அழைப்பார்கள். அரைகுறையாகத் தயாராகி செப்டம்பரில் அனுப்புவதைவிட, அடுத்த ஜூனில் முழுமையாக அனுப்புவது எவ்வளவோ மேல்.

நம்மவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. இந்தியாவில் பட்டம் வாங்கியவர்களின் மதிப்பெண்களை ஆம்காஸ் சரிபார்த்துக் கணக்கில் எடுப்பதில்லை. கட்டாயப் பாடங்களையாவது அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும். அடுத்தது, கிரீன் கார்டு இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் குறைவு. கல்லூரிப் பட்டியலைப் போடுவதற்கு முன்பே இந்த இரண்டையும் அந்தந்தக் கல்லூரியிடம் கேட்டுவிடுங்கள்.

பாடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் நான்கில் ஒவ்வொன்றையும் ஆய்வகத்தோடு ஒரு வருடம் படிக்க வேண்டும், அதோடு உயிர்வேதியியலும் வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். அறிவியலே படிக்காதவர்களுக்கென்று பிரின் மார், கௌச்சர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற இடங்களில் போஸ்ட்-பாக் என்ற தனிப் பயிற்சி இருக்கிறது. அங்கே வழிகாட்ட ஆள் கிடைப்பார்கள். செலவும் அதிகம். சொந்தமாகத் திட்டம் போட்டுப் படிக்கத் தெரிந்தவருக்கு, வேலையை விடாமல் பக்கத்திலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பே போதும் என்பது என் அபிப்பிராயம். பழைய மதிப்பெண் மோசமாக இருந்து அதே பாடத்தைத் திரும்பப் படித்தால், ஆம்காஸில் இரண்டு மதிப்பெண்ணும் சேர்ந்துதான் கணக்காகும். புதிது வந்து பழையதை அழித்துவிடாது.

அடுத்து எம்கேட், மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு. அதில் 230 கேள்விகள். இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். மதிப்பெண் 472லிருந்து 528 வரை. வாழ்நாளில் ஏழு முறைதான் எழுத முடியும், எழுதிய எல்லா மதிப்பெண்ணும் கல்லூரிகளின் கண்ணில் படும். அதனால் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" என்று பாடங்களை முடிக்காமல் போய் உட்காராதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

விண்ணப்பத்தில் உங்கள் அனுபவங்களை எழுத 15 இடம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து, ஆங்கிலத்தில் சுமார் நூறு சொல். ஒரு பெண், மென்பொருள் பொறியாளர், சனிக்கிழமை காலைகளில் ஹாஸ்பிஸ் ஒன்றில், அதாவது இறுதிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடத்தில், தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்தார். அதைப் பற்றி முதலில் எழுதிக்கொண்டு வந்தபோது, முதியவர்களுக்கு உதவினேன், கருணையின் அருமையை உணர்ந்தேன் என்று இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரிகள். "அங்கே போன அன்றைக்கெல்லாம் ஏதாவது குறித்து வைத்தீர்களா?" என்று கேட்டேன். ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

அதில் ஒரு பக்கம். பெரியவர் ஒருவர் எதைக் கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், குழம்பிப் போயிருக்கிறார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். இந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, அவர் தன் காதுக் கருவியைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பேட்டரி தீர்ந்து போயிருந்தது. நர்ஸிடம் சொல்லி மாற்றினார்கள். மதியம் அவரே நர்ஸைக் கூப்பிட்டு, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று தெளிவாகச் சொன்னார். அதுவரை அவருடைய வலி யாருக்கும் தெரியவே இல்லை.

"இதைத்தான் எழுதணும்மா" என்றேன். கருணை என்ற சொல்லே அதில் வர வேண்டியதில்லை.

எங்கே போனாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் எழுதிவையுங்கள். ஹாஸ்பிஸ், அவசர ஊர்தி, மருத்துவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்யும் ஸ்கிரைப் வேலை, இலவச மருத்துவ முகாம், எதுவாகவும் இருக்கட்டும். ஒரே இடத்துக்கு ஒரு வருடம் தொடர்ந்து போவது, ஐந்து இடங்களில் தலைகாட்டிவிட்டு வருவதைவிட நல்லது.

அடுத்து, ஏன் மருத்துவம் என்ற கட்டுரை. இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்து. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன நாள், தாத்தா இறந்த இரவு என்று ஒரு சம்பவத்தை வைத்தே முழுக் கட்டுரையையும் எழுதிவிடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை நம்மில் பலருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். பெண் மருத்துவர் இல்லாததால் உதவி கிடைக்காமல் போனவர்கள். மருத்துவம் வேண்டாம் என்றிருந்த அந்த இளம்பெண், அந்த இரவுக்குப் பிறகு அமெரிக்கா போய்ப் படித்து, 1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900ல் திரும்பி வந்து வேலூரில் வேலையைத் தொடங்கினார். அந்த இரவுக்கு அவ்வளவு கனம் வந்தது, அதன் பின் அவர் செய்தவற்றால். உங்கள் கட்டுரையிலும் சம்பவத்துக்கு ஒரு பத்தி போதும். மறுநாளிலிருந்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு மீதி இடத்தைக் கொடுங்கள்.

பழைய வேலையைப் பற்றி மன்னிப்புக் கேட்கிற தொனியில் எழுதாதீர்கள். ஆறு வருடம் கணக்கு ஆசிரியராக இருந்தவருக்கு, புரியாதவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியும். மருத்துவமனையில் அதற்குத் தினமும் தேவை இருக்கிறது. பரிந்துரைக் கடிதங்களுக்கு அறிவியல் பேராசிரியர்களோடு பழைய மேலாளரையும் கேளுங்கள்.

நேர்காணலில் ஒரு கேள்வி அனேகமாக வரும். "நர்ஸாகவோ, பிஸிஷியன் அசிஸ்டண்டாகவோ ஆகாமல் ஏன் டாக்டர்?" பிஸிஷியன் அசிஸ்டண்ட் என்பவர் மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தருகிறவர். இதற்கு வீட்டில் உட்கார்ந்து பதில் தயாரிக்க முடியாது. மருத்துவரோடு நின்று பார்க்கும் ஷேடோயிங்குக்குப் போகும்போதே, ஒரு நர்ஸோடும் ஒரு பிஸிஷியன் அசிஸ்டண்டோடும் சில நாட்கள் கூடவே இருந்து பாருங்கள். அப்படிப் பார்த்த சிலர், தங்களுக்குப் பிடித்தது பிஸிஷியன் அசிஸ்டண்ட் வேலைதான் என்று கண்டுகொண்டு அதற்கே விண்ணப்பித்திருக்கிறார்கள். அந்தப் படிப்பு பெரும்பாலும் இரண்டரை வருடத்துக்குள் முடிந்துவிடும், நீங்கள் எடுத்த அறிவியல் பாடங்களில் பலவும் அங்கே செல்லும். பெற்றோர்களே, உங்கள் மகளோ மகனோ வந்து அப்படிச் சொன்னால், தயவுசெய்து முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.