தப்பான மைக்ல வாசிச்ச அந்த ராத்திரி

வணக்கம் மக்களே! ஜாஸ் கேக்கணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. என் பதில் எப்பவும் ஒண்ணுதான், ஆல்பத்துல ஆரம்பிக்காதீங்க, ரேடியோவுல ஆரம்பிங்க. ஏன் சொல்றேன்னா, 1930கள்ல ரெக்கார்டுன்னா பத்து இன்ச் தட்டு, ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் அவ்ளோதான். ஜாஸுக்கு உயிரே மனோதர்மம்தான், அந்த நேரத்துல மனசுல தோணுறத வாசிக்கிறது, அத மூணு நிமிஷத்துக்குள்ள நாலு பேருக்கு பங்கு போட்டா ஆளுக்கு எவ்ளோ தேறும் சொல்லுங்க. ஆனா அதே பேண்ட் ராத்திரி கிளப்ல வாசிக்கும்போது வேற மாதிரி இருக்கும், ஆள் ஆடுறதுக்காக பாட்டு நீண்டுட்டே போகும். நல்ல வேளையா ரேடியோ ஸ்டேஷன்காரங்க அந்த கிளப்புக்கே மைக்க கொண்டுபோய் வச்சு நேரடியா ஒலிபரப்பினாங்க.

1936ல ஜான் ஹாமண்ட் சிகாகோ வந்திருக்கார். ரெக்கார்டு கம்பெனிகளுக்கு திறமையான ஆளுங்கள தேடிக் கொண்டுவர்றவர் அவர். கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேன் வாசிப்ப கேக்க வந்தவர், நடுவுல கார்ல போய் உக்காந்து ரேடியோவ திருகிட்டே இருக்கார், டயலோட கடைசி மூலையில கன்சாஸ் சிட்டிலேருந்து ஒரு குட்டி ஸ்டேஷன் கெடைக்குது, ரெனோ கிளப்லேருந்து பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியோட பேண்ட். அவ்ளோதான், ஆள் கிளம்பி கன்சாஸ் சிட்டிக்கே போயிட்டார், அங்கேருந்துதான் பேஸி நாடு முழுக்க தெரிய ஆரம்பிச்சார். அந்த பேண்டோட டிரம்மர் ஜோ ஜோன்ஸ், இந்த பேர மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

பேஸியோட பெரிய ஹிட் ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ இருக்குல்ல, அதுக்கு பேரே ரேடியோவுல வச்சதுதான். பசங்க வச்சிருந்த பழைய பேர் ஒலிபரப்புல சொல்ற மாதிரி இல்ல, பேர் என்னன்னு அறிவிப்பாளர் கேட்டப்ப பேஸி கடிகாரத்த பார்த்தாராம், மணி ஒண்ணு ஆகப்போகுது, அதையே பேரா சொல்லிட்டாராம்.

அடுத்து நான் சொல்லப்போறது எனக்கு இப்பவும் மனசு கஷ்டமான விஷயம். 1942 ஆகஸ்ட் 1லேருந்து அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு வாசிக்க மாட்டோம்னு நிறுத்திட்டாங்க. ரெக்கார்டயே போட்டு ஓட்டிட்டா நேர்ல வாசிக்கிறவன் பொழப்பு என்ன ஆகும்னு கேட்டாங்க, அந்த கேள்வியில முழு நியாயம் இருக்கு. பெரிய கம்பெனிகளோட எல்லாம் சமரசம் ஆக 1944 கடைசி ஆயிடுச்சு. ஆனா நடுவுல 1943ல பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸோட பேண்ட்ல சாக்ஸபோன் வாசிக்கிற சார்லி பார்க்கரும் டிரம்பெட் வாசிக்கிற டிஸ்ஸி கில்லெஸ்பியும் பக்கத்து பக்கத்துல உக்காந்து வாசிச்சிருக்காங்க, வழக்கமா ஆல்டோ சாக்ஸ் வாசிக்கிற பார்க்கர் அதுல அதவிட கனமான சத்தம் வர்ற டெனர் சாக்ஸ் வாசிச்சார், பீபாப்னு வேகமான, சிக்கலான ஒரு புது ஜாஸ் பாணி கண்ணு முன்னாடி பொறந்துட்டு இருக்கு, அந்த பேண்டுக்கு ஒரு ரெக்கார்டுகூட வரல. ஒண்ணு கூட!

1948ல ரெண்டாவது தடவையும் இதே மாதிரி ரெக்கார்டிங் நின்னுச்சு. இந்த தடவை ரேடியோ காப்பாத்துச்சு. நியூயார்க் ராயல் ரூஸ்ட் கிளப்லேருந்து பார்க்கர் வாசிச்சது ஒலிபரப்பாச்சு, வீட்ல உக்காந்து அத பதிஞ்சவங்களால இன்னைக்கு நாம கேக்குறோம். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரி ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ வாசிச்சிருக்கார், அத கண்டிப்பா தேடிக் கேளுங்க, சவுண்ட் சுமார்தான், ஆனா மனுஷன் எவ்ளோ சந்தோஷமா வாசிக்கிறார்னு அந்த கரகரப்புக்குள்ளயும் தெரியும்.

சரி, தலைப்பு விஷயத்துக்கு வர்றேன். 1956 ஜூலை 7, நியூபோர்ட் ஜாஸ் விழா. பேண்ட் தலைவர் டியூக் எலிங்டனுக்கு அப்போ மவுசு குறைஞ்சிருந்த நேரம், அவர் பேண்டோட முக்கிய முறை வர்றதுக்கே நள்ளிரவு ஆகப்போயிடுச்சு. ஜாஸுக்கு வேரான புளூஸ் பாணியில 1937ல எழுதின ரெண்டு துண்ட எடுக்குறாங்க, ரெண்டுக்கும் நடுவுல பால் கொன்சால்வெஸ் டெனர் சாக்ஸ எடுத்துட்டு முன்னாடி வர்றார், மெட்டு முழுசா ஒரு தடவ வந்தா அது ஒரு சுத்து, ஒரு சுத்து, ரெண்டு சுத்து, பத்து சுத்து, நிக்கவே இல்ல, 27 சுத்து, கூட்டத்துல ஒரு பொண்ணு எழுந்து ஆட ஆரம்பிக்குது, அப்புறம் எல்லாரும் எழுந்துட்டாங்க, மேடைக்கு கீழ ஒருத்தர் சுருட்டின நியூஸ்பேப்பர அடிச்சு தாளம் போட்டு பேண்ட தூக்கி விடுறார். யார் தெரியுமா? நம்ம ஜோ ஜோன்ஸ்!

ஆனா கொன்சால்வெஸ் நின்னது தப்பான மைக் முன்னாடி. ஆல்பத்துக்காக பதிஞ்ச கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி மைக்க விட்டுட்டு, அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்காக நடத்தின வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோ மைக்ல வாசிச்சுட்டார். அதனால ஆல்பத்துல அவர் சத்தம் எங்கயோ தூரத்துல கேக்கும். போதாததுக்கு மத்த பாட்டுங்க பலத ஸ்டுடியோவுல திரும்ப வாசிச்சு கைத்தட்டல சேர்த்து வெளியிட்டாங்க.

அந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுலதான் வில்லிஸ் கானோவர் 1955லேருந்து ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். இங்கிலீஷ் சரியா தெரியாதவங்களுக்கும் புரியணும்னு நிறுத்தி நிதானமா பேசுவார், கிழக்கு ஐரோப்பாவுல சிற்றலையில கேட்டே ஜாஸ் கத்துக்கிட்டவங்க உண்டு. அவ்ளோ பெரிய ஆள சொந்த நாட்டுல பெரும்பாலானவங்களுக்கு தெரியாது, ஏன்னா அந்த ஒலிபரப்ப அமெரிக்காவுக்குள்ளயே கொடுக்கக் கூடாதுன்னு அப்போ சட்டம் இருந்துச்சு.

நியூபோர்ட்ல கொன்சால்வெஸ் வாசிச்சது பதிஞ்ச அந்த ரேடியோ டேப் பல வருஷம் கழிச்சு கெடைச்சது. ஃபில் ஷாப்னு ஒருத்தர் கொலம்பியா டேப், ரேடியோ டேப் ரெண்டையும் ஒத்துப்போக வச்சு, ஒரு காதுக்கு இது ஒரு காதுக்கு அதுன்னு ஸ்டீரியோ ஆக்கி, 1999ல வெளிய வந்துச்சு. பழையத ஒரு தடவ, இத ஒரு தடவ ஹெட்போன்ல கேளுங்க, எட்டி நின்னவர் திடீர்னு பக்கத்துல வந்து நிப்பார். முதல் தடவ கேட்டப்ப நான் அழுதுட்டேன்.

ஃபில் ஷாப் யாருன்னா, கொலம்பியா பல்கலைக்கழகத்தோட டபிள்யூ கே சி ஆர் ரேடியோவுல 1981லேருந்து 2021ல சாகுற வரைக்கும் வார நாட்கள்ல காலையில சார்லி பார்க்கருக்குன்னே நிகழ்ச்சி நடத்தினவர். மூணு நிமிஷ பாட்டுக்கு அரை மணி நேரம் பேசுவார், யார் எந்த மைக் பக்கத்துல நின்னாங்கன்னு வரைக்கும் சொல்வார். ‘பாட்ட போடுங்க சார்’னு சொன்னவங்க நிறைய பேர், நான் அவர் பேச்சுக்காகவே கேப்பேன்.

பார்க்கர் பிறந்தநாள் ஆகஸ்ட் 29. அன்னைக்கு அந்த ஸ்டேஷன்ல நாள் முழுக்க அவர்தான், நெட்லயே கேக்கலாம். நியூயார்க்ல நள்ளிரவு, நமக்கு காலைல 9:30, டிபன் முடிச்சுட்டு போட்டு விடுங்க.