முதல் வேலை ஆலைக்குள் இருக்கட்டும்

(டர்பன், சாட்ஸ்வர்த்தில் பொறியியல் பட்டதாரிகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

பெரியவர்களுக்கும், படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

க்வாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் நான்கு ஆண்டு பொறியியல் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முதல் வேலையைச் சம்பளத்தை வைத்தும் பதவிப் பெயரை வைத்தும் தேர்ந்தெடுக்காதீர்கள். இயந்திரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க விடுவார்கள், பக்கத்தில் நின்று கற்றுத்தர யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பெற்றோர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். "இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தது கையில் கிரீஸ் படவா, ஜொஹன்னஸ்பர்க்கில் வங்கி வேலை கிடைக்கிறதே" என்பார்கள். அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இந்தக் கரைக்கு வந்தது. அதில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களில் பெரும்பாலோரைக் கரும்புத் தோட்டத்துக்குத்தான் அனுப்பினார்கள். பின்னால் வந்த தலைமுறைகளில் பலர் ஆலைக்குள் போனார்கள், பாய்லர் ஓட்டினார்கள், பம்பு பழுது பார்த்தார்கள். ஆனால் 1922ஆம் ஆண்டின் பயிற்சித் தொழிலாளர் சட்டமும் அன்றைய தொழிற்சங்க வழக்கமும் சேர்ந்து, இயந்திரம் பொருத்தும் ஃபிட்டர், கடைசல் வேலை செய்யும் டர்னர் என்ற தகுதி நம்மவர்களுக்கு எட்டாதபடி செய்தன. 1956இல் வந்த தொழில் சமரசச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, இன்ன வேலை இன்ன இனத்துக்கு என்று ஒதுக்கவே வழி செய்தது. வேலை தெரிந்த கை இருந்தது, சான்றிதழ் மட்டும் மறுக்கப்பட்டது. அந்த வலியைப் பார்த்து வளர்ந்தவர்கள் பிள்ளைகளை அலுவலகத்தில் உட்கார வைக்க நினைப்பது இயல்பு. ஆனால் இன்று நம் பிள்ளை பட்டத்தோடு ஆலைக்குள் போகிறான், போகிறாள். அது வேறு நுழைவு.

அந்தப் பழைய அநியாயத்திலிருந்து இளம் பொறியாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆலையில் அதிகம் தெரிந்தவர் பெரும்பாலும் பட்டம் இல்லாதவர். இருபது ஆண்டு ஒரே பாய்லரைப் பார்த்த ஆபரேட்டர் சத்தத்தை வைத்தே என்ன நடக்கிறது என்று சொல்வார். அவர் ஸூலு பேசுபவராக இருக்கலாம். போனவுடன் "சாவுபோனா, பாபா" என்று வணக்கம் சொல்லிவிட்டு, அவர் வீட்டு நலம் கேட்டுவிட்டு, அப்புறம் கேள்வியைக் கேளுங்கள். பட்டத்தைக் காட்டி உத்தரவு போட்டால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். உங்கள் உத்தரவை அப்படியே செய்துவிட்டுப் போவார். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒரு புதுப் பொறியாளருக்கு இல்லை.

சரி, ஆலைக்குள் என்னதான் கற்கலாம்? சர்க்கரை ஆலையையே எடுத்துக்கொள்கிறேன். நம் மாகாணத்தில் அது பக்கத்திலேயே இருக்கிறது. அரவை ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை இரவு பகலாக நடக்கும். பிறகு நிறுத்திவிட்டு, மார்ச் வரை எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார்கள். ஆஃப்கிராப் என்று நாம் சொல்லும் அந்த மாதங்களைப் போல ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. மற்ற ஆலைகளில் மூடியே கிடக்கும் இயந்திரங்களின் உள்ளே அப்போது தலையை நீட்டிப் பார்க்கலாம்.

கரும்பை நார்நாராகச் சிதைக்கும் ஷ்ரெடரின் சுத்தியல்களைக் கழற்றித் தரையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துச் சுத்தியல்கள் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வகுப்பில் படித்த உலோகவியல் பாதி பதிலைத் தரும். மீதி கரும்பு முற்றத்தில் கிடக்கும். கன்வேயரில் கரும்பு ஒரு பக்கமாகவே ஒதுங்கி வருகிறதா? மழை நாட்களில் வயல் மண்ணும் கல்லும் எவ்வளவு சேர்ந்து வந்தன? அங்கேயே நின்றுவிடாமல் பாய்லர் பக்கம் போங்கள். அதே மணல் சக்கையோடு சேர்ந்து அடுப்புக்குப் போய், குழாய்களை வெளிப்பக்கமாக அரித்து மெலிய வைத்திருக்கும். வயலில் ஏற்றிய மண் ஆலையின் இந்தக் கோடி வரை என்ன செய்கிறது என்று ஒரே நாளில் பார்த்துவிடுவீர்கள்.

சாறு காய்ச்சும் ஆவியாக்கிகளும் அப்படித்தான். முதல் கலத்தில் எழும் ஆவி அடுத்த கலத்தைக் கொதிக்க வைக்கும், அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்குவதால் இது முடிகிறது. இதைத் தேர்வில் எல்லாரும் எழுதியிருப்பீர்கள். கலத்தைத் திறந்து குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்சுவரில் படிவு கட்டியிருக்கும். மெல்லிய படிவுதான், ஆனால் வெப்பத்தை மறித்துவிடும். சாறு கெட்டியாகாது, நீராவி இன்னும் வேண்டும் என்று பாய்லரைக் கேட்பார்கள். பாய்லர் எரிப்பதோ எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராக இருக்கும் சக்கை. அந்த ஈரம் கொஞ்சம் கூடினாலும் நீராவி குறையும். ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதியும் அந்த நீராவியிலிருந்துதான் வருகிறது. இந்தச் சங்கிலியைக் கண்ணால் பார்த்தவர் பிறகு எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் ஒரு பழுதைத் தனியாகப் பார்க்க மாட்டார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உள்ளே கை வைக்கும் முன் மின் இணைப்பைத் துண்டித்து உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். உற்பத்தி நிற்கிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் இதை விடக் கூடாது. 1993ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்கு மட்டுமல்ல, வேலை செய்பவருக்கும் கடமை வைத்திருக்கிறது.

அடுத்தது பதிவு. தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் கேண்டிடேட், அதாவது பயிற்சிநிலைப் பொறியாளராக உடனே பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் காட்டினால்தான் முழுப் பொறியாளர் பதிவு. அனுபவத்தை மன்றம் ஐந்து படிகளாகப் பார்க்கிறது. அருகில் இருந்து பார்த்தது ஏ, உதவியது பி, பங்கெடுத்தது சி, பங்களித்தது டி, தானே பொறுப்பேற்றுச் செய்தது இ. பலர் மூன்று ஆண்டு முழுக்க பி, சி என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். மேலாளர் கொடுப்பதைச் செய்து முடித்தால் போதும் என்றிருந்தால் அப்படித்தான் ஆகும். சின்ன வேலையாக இருந்தாலும், ஒரு பம்பை மாற்றுவதாக இருந்தாலும், கணக்குப் போடுவது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை என் பொறுப்பில் விடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் பாதி போயிருக்கும். ஆலையிலேயே நிலைக்க நினைப்பவர்கள் அரசுத் தகுதிச் சான்றிதழையும் மனத்தில் வையுங்கள். பெரிய ஆலைகளின் இயந்திரங்களுக்குச் சட்டப்படி பொறுப்பேற்க அது வேண்டும்.

2022 ஏப்ரலில் நம் ஊர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ப்ராஸ்பெக்டனில் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி செய்யும் டொயோட்டா ஆலைக்குள் தண்ணீரும் சேறும் புகுந்தன, பல மாதங்கள் கழித்துத்தான் உற்பத்தி படிப்படியாகத் திரும்பியது. நனைந்த ஆலையை மீட்பது என்றால், ஒவ்வொரு மோட்டாரின் மின்காப்பையும் சோதித்து, ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியையும் திறந்து, எதைக் கழுவிக் காயவைக்கலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்று முடிவு செய்வது. வரைபடம் மட்டும் தெரிந்தவரால் அங்கே ஒரு நாள் கூட நிற்க முடியாது. எந்தக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று நடந்து பார்த்து வைத்திருந்தவர்களைத்தான் அப்போது தேடுவார்கள்.

மகள்களைப் பற்றி இரண்டு வார்த்தை. இரவு ஷிப்ட் என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். போக்குவரத்து உண்டா, உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் பெண்களுக்குத் தனியாக உண்டா, ஷிப்டில் இன்னொரு பெண் இருக்கிறாரா என்று நேர்காணலிலேயே அவள் கேட்கட்டும். பதில் சரியாக வந்தால் அனுப்புங்கள். பழுதுகள் இரவில்தான் பொறியாளரிடம் தனியாக வந்து சேரும், பகலில் முடிவெடுக்க மேலே பத்துப் பேர் இருப்பார்கள்.

ஆஃப்கிராப்பில் சேர நினைப்பவர்கள் ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். செப்டம்பர், அக்டோபரிலேயே ஆலைகளின் பொறியியல் மேலாளர்களுக்கு எழுதுங்கள், திட்டம் போடுவது அப்போதுதான். மதிப்பெண் பட்டியலோடு, நீங்கள் கையால் செய்த ஏதாவது ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் சேர்த்து அனுப்புங்கள். சி.வி. கொண்டு வந்திருப்பவர்கள் இங்கேயே இருங்கள், ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். இப்போது கேள்விகளைக் கேளுங்கள்.