கூடைதான் சாப்பாட்டு மேசை: பழைய அயர்லாந்து கிராமத்துச் சாப்பாடு

வணக்கம் நண்பர்களே. அயர்லாந்து கிராமங்களில் அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். சரி, 1845 பஞ்சத்துக்கு முன்னால் ஒரு கூலி விவசாயி வீட்டு அடுப்படிக்கே போவோம்.

சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிதான் எரிபொருள். அதன் மேல் தொங்கும் இரும்புப் பானையில் உருளைக்கிழங்கு தோலோடு வேகும். வெந்ததும் தட்டையான பின்னல் கூடையில் கொட்டி வடிப்பார்கள். அந்தக் கூடையையே பானையின் வாய்மேல் வைத்துவிட்டால் சாப்பாட்டு மேசை தயார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, நகத்தால் தோலை உரித்து, உப்பில் தொட்டுச் சாப்பிட்டு, மோர் குடிப்பார்கள். உழைக்கும் ஆள் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் கிழங்கு சாப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

வெண்ணெய் எங்கே போனது? அதை விற்றுத்தான் நிலத்துக்குக் குத்தகை கட்ட வேண்டும். வீட்டுக்கு மிஞ்சியது மோர். ஆனாலும் கிழங்கும் மோரும் சேர்ந்தால் புரதம், கால்சியம், வைட்டமின் சி எல்லாம் உடம்புக்குக் கிடைத்துவிடும். அதனால் இதை இளப்பமான சாப்பாடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கஷ்டம் ஜூலையில். பழைய கிழங்கு தீர்ந்திருக்கும், புதுக் கிழங்கு ஆகஸ்டில்தான் வரும். அதுவரை முட்டைக்கோஸ், காட்டுக் கீரை, காசிருந்தால் ஓட்ஸ் மாவு. அப்புறம் 1845-ல் கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், ஏறக்குறைய அதே அளவு மக்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அந்த வருஷங்களிலும் தானியமும் வெண்ணெயும் கப்பலேறி வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. இதை வெறும் பயிர்நோய்க் கதையாகச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம் ஒன்று சொல்கிறேன். வெண்ணெய் கடையும்போது யார் வீட்டுக்குள் வந்தாலும் மேலும் கீழும் குத்திக் கடையும் மத்தைப் பிடித்து நாலு குத்தாவது குத்த வேண்டும். சும்மா வந்து சும்மா போனால் வெண்ணெயின் அதிர்ஷ்டத்தையே கொண்டுபோய்விடுவார் என்று நம்பினார்கள். மே முதல் நாளில் பாலையும் நெருப்பையும் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், அதற்கும் இதே பயம்தான்.

1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் இதையெல்லாம் கேட்டு நோட்டில் எழுதினார்கள். அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் இப்போது அயர்லாந்து நாட்டார் வழக்கங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டூகஸ் (duchas.ie) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாப்பாடு பற்றிய பக்கங்களிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.