மாறாதவர் ஆண்டவர், நாம் அல்ல

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, அசனச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

"கிறிஸ்தவரின் ஜெப வாழ்வைத் தாங்குவது மாறாத ஒழுங்கா, வளர்கிற மாற்றமா?" என்பது தலைப்பு. மாற்றமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய அண்ணன் மூன்று வசனங்களைக் கொண்டு வந்தார். இயேசு கிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவர், ஆகவே ஜெபமும் மாறக் கூடாது என்றார். "பூர்வ பாதைகள் எவையென்று கேட்டு விசாரித்து" என்ற எரேமியா தீர்க்கதரிசியைச் சாட்சிக்கு அழைத்தார். கடைசியில், சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்லி ஜெபித்தார் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். நானும் தட்டினேன். வசனத்தோடு எனக்கென்ன சண்டை?

மாறாதவர் என்று வேதம் சொல்வது ஆண்டவரை. நம்மைச் சொல்லவில்லை. சில வீடுகளில் குடும்ப ஜெபத்தைக் கேட்டுப் பாருங்கள். "பிள்ளைக்கு ஞானத்தைத் தாரும், பரீட்சையில் கைதூக்கிவிடும்" என்று இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை பரீட்சை எழுதி, வேலைக்குப் போய், இப்போது பென்ஷன் பேப்பரோடு அலைந்துகொண்டிருக்கும்!

எரேமியாவை அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த வரி, "நல்ல வழி எங்கே என்று பார்த்து, அதிலே நடவுங்கள்" என்பது. பழைய பாதைகளை விசாரி, அதில் நல்லது எது என்று பார், அப்புறம் நட. நின்ற இடத்திலேயே நில் என்று எரேமியா எங்கே சொன்னார்?

சரி, கெத்செமனே. மத்தேயு 26ஐ நிதானமாகப் படியுங்கள். முதல் தடவை, "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று கேட்கிறார். பாத்திரம் என்றால் அவர் படப்போகும் பாடு. இரண்டாம் தடவை அந்த விண்ணப்பம் இல்லை. நான் இதைக் குடித்தால் ஒழிய இது நீங்காது என்றால், "உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது" என்கிறார். ஒரே இரவு, ஒரே தோட்டம், ஒரே பாத்திரம். நீக்கும் என்ற ஜெபம் ஏற்கிறேன் என்ற ஜெபமாக நகர்ந்துவிட்டது. மூன்றாம் தடவை அதே வார்த்தைகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வார்த்தைகளுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் திரும்பச் சொல்கிறார். எதிரணியின் சாட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டார், நடுவர் ஐயா!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜெப புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை. துக்க வீட்டில் நமக்குச் சொந்த வார்த்தை வராது. மனப்பாடமான 23ஆம் சங்கீதம்தான் கை கொடுக்கும். ஆர்கனா, டிரம்ஸா என்ற சண்டையிலும் எனக்கு அக்கறை இல்லை. டிரம்ஸ் வாங்கியதால் மட்டும் எந்தச் சபையும் வளர்ந்துவிடாது. நான் கேட்பது வேறு. ஜெபிக்கிற ஆள் மாறுகிறாரா?

யோப்பா பட்டணத்தில் இயேசுவின் சீஷர் பேதுரு மேல்வீட்டுக்கு ஏறி ஜெபிக்கப் போனார். முறைப்படியான நேரம், முறைப்படியான ஜெபம். பரலோகத்திலிருந்து, யூதருக்குத் தீட்டான மிருகங்களும் உள்ள ஒரு துப்பட்டி இறங்குகிறது, அடித்துப் புசி என்கிறது சத்தம். "அப்படியல்ல, ஆண்டவரே" என்கிறார் பேதுரு. ஆண்டவர் என்று கூப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதை மறுக்கிறார்! அவர் பக்கம் நியாயப்பிரமாணம் இருந்தது, முன்னோர் இருந்தார்கள், பிறந்தது முதல் வந்த பழக்கம் இருந்தது. மூன்று தரம் சொல்லியும் புரியாமல் குழம்பினார். ஆனாலும் எழுந்து, யூதரல்லாத கொர்நேலியு என்பவர் வீட்டுக்குப் போனார். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாதென்று தேவன் தனக்குக் காண்பித்தார் என்று அந்த வீட்டிலே நின்று சொன்னார். புறஜாதியாருக்கு அன்று கதவு திறக்காவிட்டால், இந்தப் பந்தலில் நமக்கு என்ன வேலை?

இதே பரீட்சை நம் மண்ணுக்கும் வந்தது. தஞ்சாவூர்ச் சபையில் ஜாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்து ஆராதித்த காலம் உண்டு. நற்கருணையில்கூட யார் முதலில், யார் அப்புறம் என்ற வரிசை இருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடவே கூடாது என்று தென்னிந்திய மிஷனெரிகளுக்குக் கடிதம் எழுதினார். பலர் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? தஞ்சாவூரில் ஊழியம் செய்த பழைய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்றார்கள். அண்ணன் சொன்ன அதே பூர்வ பாதை! தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். அண்ணன் உருகிப் பாடிக்காட்டினாரே, அந்தக் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் ஜாதி விஷயத்தில் பழைய வழக்கத்தின் பக்கம் நின்று எழுதியவர்தான். அவர் பாட்டை நானும் பாடுகிறேன், இனியும் பாடுவேன். ஆனால் அவ்வளவு பக்தி உள்ளவருக்கும் "அப்படியல்ல, ஆண்டவரே" என்று சொல்ல ஒரு இடம் இருந்திருக்கிறது. நமக்கு இருக்காதா?

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. புத்தகம் பார்த்து ஜெபித்தவர்களும், பார்க்காமல் ஜெபித்தவர்களும் ஒரே சபை ஆனார்கள். 1950இல் வந்த திருவிருந்து முறைமையில், கைக்குக் கை சமாதானம் கொடுப்பதைச் சேர்த்தார்கள். அது கேரளத்துச் சுரியானிச் சபைகளின் வழிபாட்டிலிருந்து எடுத்தது. இன்று காலை அண்ணனும் எனக்கு இரண்டு கையாலும் சமாதானம் கொடுத்தார், ஏதோ ஆதாம் காலத்திலிருந்தே இப்படித்தான் என்கிற மாதிரி! ஜாதி பார்த்துப் பிரிந்து உட்கார்ந்த சபைகளின் வாரிசுகளை, பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் கையைத் தொட வைத்திருக்கிறது அந்தப் புது முறைமை.

அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவிடம் ஒரே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கையைத் தொடுகிறோம். ஆனால் கல்லறைத் தோட்டம் இன்னும் ஜாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிற ஊர்கள் இருக்கின்றன. அங்கேயும் கர்த்தருடைய ஜெபத்தை ஒரு எழுத்துப் பிசகாமல்தான் சொல்லி அடக்கம் செய்கிறார்கள். உங்கள் மாறாத ஒழுங்கு அந்தச் சுவரை எப்போது இடிக்கும் அக்கா? பதிலோடு வாருங்கள், காத்திருக்கிறேன். நன்றி.